முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

வாசகர் கேள்வி: ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். விசைப்படகில் பங்கு வைத்திருக்கிறேன். என் மச்சான் தூத்துக்குடிக்குக் குடிபோனபோது தன்னுடைய 2008 மாடல் மாருதி வேகன் ஆர் காரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இப்போது "நீங்களே வச்சுக்கங்க மச்சான்" என்கிறார். 1,92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நண்டும் மீனும் ஐஸ் பெட்டியில் ஏற்றிப் போவதற்கும் அதைத்தான் வைத்திருந்தார். மூன்று வருடமாகத் தென்னங்கீற்றுக் கொட்டகையில் நிற்கிறது. கடல் கூப்பிடு தூரம். மகளுக்கு ஆவணியில் 18 முடிகிறது, ராமநாதபுரத்தில் கல்லூரியில் சேரப் போகிறாள். மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் நேரம் இருப்பதால் வண்டியைத் தயார் செய்து அவளுக்குக் கொடுக்க ஆசை. ஒரு மெக்கானிக் இன்ஜின் போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது), ஏசி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய் ஆகும் என்கிறார். தகுமா? அதுவரை எங்கள் தெருவுக்குள் ஓட்டிப் பழகட்டுமா?

பதில்:

அண்ணே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழக வேண்டாம். 18 முடியாதவர் காரை ரோட்டில் எடுத்தால் அது நெடுஞ்சாலையா, உங்கள் தெருவா என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, வயது நிரம்பாத பிள்ளை ஓட்டி மாட்டினால் குற்றம் பெற்றோர் மீதும் வண்டி உரிமையாளர் மீதும் வரும். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. எல்லாவற்றையும் விடக் கசப்பானது, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆவணி வரை பொறுத்துக்கொண்டு, 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போடுங்கள். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். அந்த இடைவெளியில் பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும், வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும்.

சரி, வண்டிக்கு வருவோம்.

1,92,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் அந்த வேகன் ஆர் இன்ஜின் அதற்கு மேலும் ஓடும். நம் கரையில் காரை முடித்துவைப்பது மீட்டர் காட்டும் ஓட்டம் கிடையாது, உப்புக் காற்றுதான். மதுரையில் இரண்டரை லட்சம் ஓடிய கார், தங்கச்சிமடத்தில் அறுபதாயிரம் ஓடிய காரைவிட அடியில் சுத்தமாக இருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புக்கு பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சு கொடுத்ததே இந்தக் காற்றுக்குப் பயந்துதான். உங்கள் காரின் அடித்தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட வராது. மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட் இன்ஜினில் தொடங்கி பெயிண்டில் முடிகிறது, நடுவே அடித்தகடு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். இன்ஜினை வேண்டுமானால் இன்னொன்று வாங்கி மாட்டலாம், இற்றுப்போன உடம்பில் மாட்டி என்ன செய்வது?

இந்தச் சோதனைக்குக் காசு ஒன்றும் ஆகாது. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், டார்ச், துணி சுற்றிய ஒரு காந்தம் போதும். ஒன்று மட்டும் கவனம்: உங்கள் வீட்டு முற்றம் மணலாகத்தான் இருக்கும். ஜாக்கி மணலில் இறங்கும். அடியில் கனத்த பலகை போட்டுத் தூக்குங்கள், தூக்கிய பிறகு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. முடிந்தால் லிப்ட் உள்ள பட்டறைக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போய்ப் பார்ப்பது உத்தமம்.

முதலில் டிக்கி. மேட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருக்கும் ஃபெல்ட்டையும் உரித்து எடுங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் என் கண் முதலில் போவது இங்கேதான். ஐஸ் உருகி மீன் கழுவிய உப்புத் தண்ணீராக மேட்டுக்கு அடியில் இறங்கும், ஃபெல்ட் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும். ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தின் அடியில் ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். இற்ற தகடு 'பொத்' என்று கேட்கும், பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகச் செதில் உதிரும். டிக்கித் தரையில் ஓட்டை இருந்தாலும் மனசு விட வேண்டியதில்லை. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம், அது டிங்கர் வேலைதான்.

மனசு விட வேண்டிய இடங்கள் வேறு. பானெட்டைத் திறந்து, இரண்டு ஓரத்திலும் முன் ஷாக் அப்சார்பரின் தலை வந்து போல்ட்டில் நிற்கும் மேடையைப் பாருங்கள். அப்புறம் கீழே, முன்சக்கர லோயர் ஆர்ம் வந்து பிடிக்கும் இடம். இன்ஜினுக்கு இருபுறமும் முன்னால் இருந்து பின்னால் ஓடும் பெட்டி மாதிரியான மெம்பர். பின் ஆக்சிலின் கைகள் உடம்போடு சேரும் இடம். கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டின் உட்பக்கம், ஜாக்கி வைக்கும் முனை. சீட் பெல்ட்டின் போல்ட் தரையில் இறங்கும் இடம், அதற்கும் மேட்டைத் தூக்க வேண்டும். இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் முனையைக் கை பலத்தோடு அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு எடை தாங்கும் நிலையில் இல்லை. இது ஓர் இடத்தில் இருந்தால் நல்ல டிங்கரைக் கூட்டிவந்து காட்டலாம். முன் மெம்பரும் ஷாக் மேடையும் சேர்ந்து போயிருந்தால் வேலையை அத்தோடு நிறுத்துங்கள். மோதல் நடந்தால் அடியை வாங்கி மடங்க வேண்டியவை அவைதான். அந்த வண்டியைப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடலாம்.

காந்தம் எதற்கு என்றால், மச்சான் எப்போதாவது பட்டி பார்த்து மூடியிருந்தால் கண்டுபிடிக்க. மட்கார்டு வளைவிலும் கதவின் கீழ் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பெயிண்டில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று கணக்கு வையுங்கள்.

அடி தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே யாராவது அண்டர்கோட்டிங் அடிக்கலாம் என்பார்கள். துருவின் மேல் தார் மாதிரி கறுப்புப் பூச்சு அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி ஆகும். பார்க்க ஜோராக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். முதலில் நல்ல தண்ணீரால் அடியை அழுத்தமாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, எபாக்சி பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் அண்டர்கோட்டிங். ரன்னிங் போர்டின் குழிக்குள் மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள், கதவுகளின் அடியில் இருக்கும் சிறு வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. துருவை அது கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. எனக்கு உடன்பாடு இல்லை.

படகுக்காரர்கள் இன்னொன்றும் கேட்பதுண்டு: படகின் அடியில் ஜிங்க் கட்டி வைக்கிறோமே, காரிலும் வைத்தால் என்ன? வைக்கலாம், பலன் இருக்காது. படகு கடல் தண்ணீரில் முங்கியே கிடப்பதால் ஜிங்க்குக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரம் ஓட அந்தத் தண்ணீர் வழி கொடுக்கிறது, இரும்புக்குப் பதிலாக ஜிங்க் கரைகிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்த வழி இல்லை. தகட்டின் மேல் முழுக்க ஜிங்க் பிரைமர் அடித்தால் வேலை செய்யும், ஓரத்தில் ஒரு கட்டியை முடுக்கினால் செய்யாது.

பட்டறைச் செலவுக்கு முன்னால் காகிதம். 2008-ல் பதிந்த கார் என்றால் 15 வருடக் கெடு 2023-லேயே முடிந்துவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்காமல் ரோட்டில் எடுக்க முடியாது. படிவம் 25, வண்டியை நேரில் காட்டி இன்ஸ்பெக்‌ஷன், பசுமை வரி. 2022 ஏப்ரலில் இருந்து 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய் ஆகிவிட்டது, தாமதத்துக்கு என்ன வருகிறது என்று ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பித்தால் ஐந்து வருடம் கிடைக்கும். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் மச்சானின் கையெழுத்து வேண்டும், அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போதே வாங்கிவிடுங்கள். ஆர்.சி.யில் ஏதாவது பேங்க் பெயர் நிற்கிறதா என்றும் பாருங்கள். லோனைக் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் இருந்து பேங்க் பெயரை எடுக்காத வண்டிகள் நிறைய. இருந்தால் பேங்கில் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்க வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம், அதோடு உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு இன்ஷூரன்சுக்கு இந்த வயது வண்டியில் அர்த்தம் இல்லை. புகைச் சான்று, பி.எஸ். 4 என்ற புகை விதிக்கு முந்தைய வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

இப்போது இன்ஜின். சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க உங்கள் கை துறுதுறுக்கும். வேண்டாம். மூன்று வருடம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரில் ஆயில் வடிந்து காய்ந்திருக்கும், ரிங் ஒட்டியிருக்கலாம். முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். கீற்றுக் கொட்டகை என்றால் எலியோ அணிலோ அங்கே தென்னை நாரில் கூடு கட்டியிருக்க வாய்ப்பு அதிகம், வயரையும் கடித்திருக்கும். அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடங்கல் இல்லாமல் வந்தால் நல்ல சகுனம். நடுவில் முட்டினால் பலவந்தம் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். படகு இன்ஜினைப் பார்த்த கைதானே, அந்த முட்டுதல் உங்களுக்கே தெரியும்.

பழைய பெட்ரோலை முழுக்க வடியுங்கள். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், நாள் பட்டால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், இரும்பு டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபியூல் ஃபில்டரை மாற்றுங்கள். ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். 2008-ல் செய்த ரப்பர் இந்த 20 சதவீத எத்தனாலுக்காகச் செய்தது கிடையாது. வெடித்த ஹோஸில் கசியும் பெட்ரோல் எங்கே சொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் இன்ஜின் டைமிங் பெல்ட் உள்ளது. 2010-க்கு அப்புறம் வந்த கே10 வேகன் ஆரில் செயின், உங்களுடையதில் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மச்சானுக்கு நினைவு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ரப்பர், ஓடாமல் நின்றாலும் வயது ஏறும். டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் சேர்த்து மாற்றினால் பிரித்த கூலி ஒரே தடவையோடு முடியும். அது அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும், பாம்பன் ரோட்டுப் பாலத்தின் உச்சியில் அறுந்தால் பாப்பா பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால் நிற்பாள்.

இதெல்லாம் முடித்து, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, ஸ்டார்ட் செய்து சூடான பிறகுதான் போர் போடலாமா என்ற பேச்சே வர வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு அளவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் போர் தேவையில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு பக்கம் கோளாறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல்தான், அது சின்ன வேலை. ஓடும்போது ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலமாகவே வந்தால் ரிங். கேஜ் வைக்காமல் "போர் போடணும்" என்று சொல்பவரிடம் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரேடியேட்டருக்கு வருகிறேன், நம் தீவில் இன்ஜின் சாவது பெரும்பாலும் இதனால்தான். விரல் நுனியால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைத் தடவிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் உப்புக் காற்று அதைத் தின்றுவிட்டது, மாற்ற வேண்டியதுதான். உள்ளே உப்பான போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் மூடியைத் திறந்ததும் காவி நிறம் தெரியும். (இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள்.) பலமுறை கழுவிவிட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். "நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றி எறியும் கைகள் உண்டு, விடாதீர்கள். டெம்பரேச்சர் முள் எங்கே நிற்க வேண்டும், ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்: ஓரம் கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மூடியைத் தொடாமல் உங்களுக்கு போன்.

பிரேக்கில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்ற வண்டி என்றால் பின் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டியிருக்கும். இழுத்து ஓட்டி விடுவிக்காதீர்கள், டிரம்மைத் தட்டிக் கழற்றுங்கள். வீல் சிலிண்டர், முன் கேலிப்பர் ரப்பர், பேட், ஷூ எல்லாம் புதிது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள், முழுக்க வெளியேற்றிப் புதிது விட வேண்டும், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதைவிட முக்கியம், அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் மெல்லிய இரும்புப் பிரேக் பைப். நகத்தால் சுரண்டினால் செதில் வந்தால் முழு நீளமும் மாற்றுங்கள், நடுவில் ஒட்டுப்போட வேண்டாம். வேலை முடிந்ததும் இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரும் போய்விட்டது.

டயரில் கட்டை (ரோட்டில் படும் மேடு) எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2316 என்று இருந்தால் 2016-ன் 23-வது வாரம் செய்த டயர். கட்டை புதிது மாதிரி இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான், ஸ்டெப்னியையும் சேர்த்து. நம் மாவட்டத்துக் கருவேல முள்ளுக்கு ஸ்டெப்னி அலங்காரப் பொருள் கிடையாது. பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், கீழ்ச்சுற்றில் துருப்பிடித்த சுருள் ஸ்பிரிங், இவற்றை அலைன்மென்டுக்கு முன் பார்த்துவிடச் சொல்லுங்கள். எர்த் வயர்களின் முனை பச்சை பூத்திருக்கும், சுரண்டி முடுக்கினால் பாதி மின்சாரக் கோளாறு போய்விடும்.

சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்ட வேண்டும். பூட்டாவிட்டாலும், உப்பில் விறைத்து உள்ளே சுருளாவிட்டாலும், புதிது. இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் எல்லா புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். உங்கள் 2008 வண்டியில் இரண்டும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிரேக், டயர், பெல்ட் எவ்வளவு செய்தாலும் அந்தக் குறை தீராது. அதனால் தினமும் ராமநாதபுரத்துக்குப் போய்வர இந்த வண்டியை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. போக வர கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அதுவும் விடிகாலையில் தூங்காமல் ராமேஸ்வரத்துக்கு விரட்டி வரும் டூரிஸ்ட் வேன்களுக்கு எதிரில். கல்லூரிக்குப் பஸ் இருக்கட்டும். தீவுக்குள், ராமேஸ்வரம் வரை, பகலில், இந்த வண்டி போதும். ஓட்டிப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது, கியர், கிளட்ச் எல்லாம் கையில் பேசும்.

95,000-க்கு வருவோம். பெயிண்ட், ஏசி, போர் மூன்றையும் அடித்துவிடுங்கள். மிஞ்சியதில் மேலே சொன்ன தகடு, பிரேக், டயர், பெல்ட், ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் வாங்குங்கள். அந்தத் தொகை, மதுரைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் அதே மாதிரி வேகன் ஆரின் விலையை நெருங்கினால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். உப்பு படாத உடம்பு அது. ஏசி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையில் பாப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தான் ஆவணி வரை பொறுக்க வேண்டும், டிப்ஸ்டிக்கில் ஆயில் பார்க்கவும் டயர் கழற்றி மாட்டவும் வயது வரம்பு இல்லை.

ஓட ஆரம்பித்த பிறகு, வாரம் ஒரு முறை அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம். தண்ணீர் வாங்கும் வீடு என்றால் மேல் பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, இருக்கும் தண்ணீரை அடியில் செலவழியுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் இரண்டு பக்கமும் கடல் தெறிக்கும், போனால் அன்றைக்கே கழுவ வேண்டும். மணலில் இறக்குவது கூடவே கூடாது.

பாலத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். வேகன் ஆர் உயரமான, ஒடுக்கமான வண்டி. தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் பாலத்தில் அது பக்கவாட்டில் தள்ளும். எதிரே பஸ் வந்து கடக்கும்போது ஒரு கணம் காற்று மறைந்து, கடந்ததும் மறுபடி அறையும். அந்த இரண்டு கணத்திலும் ஸ்டியரிங் இழுக்கும், புதியவர்கள் பதறி எதிர்ப்பக்கம் அதிகமாகத் திருப்பிவிடுவார்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், நாற்பதுக்கு மேல் போகாமல். பாலத்தின் மேல் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கும் கூட்டத்தையும் எதிர்பார்த்தே ஏற வேண்டும். லைசென்ஸ் கிடைத்த பிறகும் பல தடவை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, காற்று உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் கடந்து காட்டுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் வண்டி வீட்டில் நிற்கட்டும்.

கடிதத்தின் ஓரத்தில் பாப்பாவே ஒரு வரி எழுதியிருக்கிறாள்: வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கலாமா என்று. அடிக்கலாம் பாப்பா, ஆனால் நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும், இல்லையென்றால் செக்கிங்கில் மாட்டுவாய். அடுத்த வருடம் ஏசியோடு சேர்த்து அப்பாவிடம் கேள். இந்த வருடம் அந்தப் பணம் டயருக்கு.